எந்த ரயிலை உனக்காக வைத்திருப்பது

தம்பி, இதை நீ படிக்கும்போது உனக்கு மீசை முளைத்திருக்கும். முகம் கழுவும் அவசரத்தில், காதுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் மெஷினைக் கழற்ற மறந்து நனைத்துவிடுவாயோ என்று இப்போதே கவலைப்பட ஆரம்பித்துவிட்டேன். இன்று உனக்கு ஏழு வயது. இன்னும் பல வருஷம் கழித்து வரப்போகிற தொல்லைக்கு இன்றைக்கே உட்கார்ந்து கவலைப்படுவது என் பழக்கம். "நீ கவலைப்படாம இருந்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு லா" என்பார் உன் அப்பா. உனக்கு எழுதுவதை ஏன் ஞாயிறு பத்திரிகைக்கு அனுப்புகிறாய் என்றும் அவர் கேட்டார். உன்னைப் போலக் காதில் மெஷின் மாட்டிய பிள்ளைகளின் அம்மாக்கள் இந்தத் தீவிலும் அக்கரையிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். நீ வளர்கிற வரைக்கும் அவர்கள் படித்துக்கொண்டிருக்கட்டும். நான் செய்தது சரியா தப்பா என்று நீ பிறகு வந்து சொல்.

எழுத வைத்தது ஒரு ரயில். அக்கரையில், பட்டர்வொர்த் பக்கம் ரயில் பிரியர்களின் சின்னச் சங்கம் ஒன்று இருக்கிறது. செபராங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலைக்காரர் தன் காலி மனையில் ஒரு வண்டியை நிறுத்த இடம் தருவதாகச் சொன்னார். ஒன்றே ஒன்றுக்குத்தான் இடம். சங்கத்தில் எல்லோருக்கும் பழைய நீராவி இன்ஜின்தான் ஆசை, ஆனால் அதெல்லாம் எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது, மிஞ்சிய ஒன்றிரண்டும் வேறு ஊர்களில் நிற்கின்றன. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். எதுவும் உருக்கப்பட்ட பிறகுதான் நமக்கு அதன்மேல் பாசம் வருகிறது, இன்று ஓடிக்கொண்டிருக்கிறதே, அதில் எது வேண்டும் என்று இன்றைக்கே முடிவு செய்து ரயில்வேயிடம் கேட்டு வைப்போமே என்றேன். கெலுகோர் பல்கலைக்கழகத்தில் மூன்று வருஷம் வரலாறு படித்ததற்கு அன்றைக்கு ஒரு பயன் கிடைத்தது. எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டிய கையோடு சண்டையும் தொடங்கிவிட்டது.

சங்கத்தின் தலைவர் பீட்டர் அண்ணன், துறைமுகத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குக் கோலாலம்பூர் போகும் விரைவு மின்ரயில்தான் வேண்டும். அந்த மூக்கு, அந்த வேகம், அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள வருகிற கூட்டம், எல்லாம் அவர் கண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. வங்கியில் வேலை செய்யும் செல்வி அக்கா கொடிமலை ஏறுகிற ரயிலைச் சொன்னார். மலை ரயிலின் பழைய பெட்டிகளை அதை நடத்துகிறவர்களே வைத்திருக்கிறார்கள், இப்போது ஓடுவதையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று அது தள்ளிப்போனது. நான் கேட்டது, தினமும் ஊருக்கு ஊர் நின்று போகிற கொமியூட்டர் ரயிலின் நடுப்பெட்டி ஒன்று. அதுவும் கழுவி, சாயம் அடித்து, புதுப்பெண் மாதிரி நிறுத்தக்கூடாது. கம்பியில் கைபட்டுத் தேய்ந்த இடம், சீட்டில் யாரோ சாவியால் கீறிய பெயர் எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். முக்கியமாக, கதவு வேலை செய்ய வேண்டும். பித்தானை அழுத்தினால் கதவு மூடிக்கொள்ள வேண்டும், மூடுவதற்கு முன் அந்தப் பீப் பீப் சத்தம் வர வேண்டும்.

"கதவா? கதவை வெல்டு வச்சு மூடுறதுதான் முதல் வேலை. நாளைக்கு ஒரு பிள்ளை விரலை நசுக்கிக்கிட்டா யார் பதில் சொல்றது?" என்றார் பீட்டர் அண்ணன்.

"அந்தச் சத்தம் இல்லாட்டி அது ரயில் பெட்டி இல்லண்ணே, சீட்டு போட்ட கண்டெய்னர்" என்றேன்.

"சத்தத்தை யாராச்சும் மியூசியத்துல வைப்பாங்களா?"

"ஏன் வைக்கக்கூடாது?"

செல்வி அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார். "உன் மகனுக்காகக் கேக்கறியா?" ஆமாம் என்றேன். கூட்டத்தில் யாரோ பின்னாலிருந்து, "அப்ப வீட்டுக்கு ஒரு காலிங் பெல் வாங்கி மாட்டிடலாமே, சுலபம்" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடுத்த நிமிஷம் அழுகையும் வந்தது. முடிவு அடுத்த மாதக் கூட்டத்துக்குத் தள்ளிப்போனது.

அந்தச் சத்தத்துக்காக நான் ஏன் அப்படி நின்றேன் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். உனக்கு ஒன்றரை வயதில் தலையில் அறுவை செய்து கருவி வைத்தார்கள். காதுக்குப் பின்னால் மாட்டுவதும், தலையில் காந்தமாக ஒட்டிக்கொள்ளும் வட்டும் சேர்ந்ததைத்தான் நாம் மெஷின் என்கிறோம். அதை முதன்முதலில் போட்டுவிட்ட நாளில் நீ உடனே திரும்பிப் பார்த்துச் சிரிப்பாய் என்று நினைத்து அப்பா போனைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். நீ மேசைக்கால் ஒன்றை நக்கிக்கொண்டிருந்தாய். நாள் போனது, மாதம் போனது. கைதட்டினேன், கிண்ணத்தைத் தட்டினேன், உன் பெயரைச் சொல்லிச் சொல்லி எனக்கே அது அந்நியமாகிவிட்டது. இங்கே தீவில் பேச்சுப் பயிற்சிக்குப் பார்த்த இடத்தில், பிள்ளையைக் குழப்பாதீர்கள், வீட்டில் ஒரே மொழி போதும், ஆங்கிலமே பேசுங்கள் என்றார்கள். உன் அப்பா கோபத்தில் திட்டுவது தமிழில், கொஞ்சுவது தமிழில். ஆங்கிலத்தில் அவர் இன்சூரன்ஸ் மட்டும்தான் விற்பார். நீ எங்களிடமிருந்து இன்சூரன்ஸ் மட்டும் கேட்டு வளர்வதா? விசாரித்து விசாரித்து, சுங்கைப் பட்டாணியில் தமிழிலேயே பேச்சுப் பயிற்சி தருகிற மாலதி டீச்சரைக் கண்டுபிடித்தேன். அப்பா வேலைக்குக் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார். தீவையும் அக்கரையையும் இணைக்கிற பாலத்தில் கார் ஓட்ட எனக்குப் பயம். அதனால் வாராவாரம் நாம் இருவரும் படகில் ஏறி பட்டர்வொர்த் போய், அங்கிருந்து கொமியூட்டரில் சுங்கைப் பட்டாணி போனோம்.

அப்படி ஒரு நாள், தாசேக் குளுகோர் ஸ்டேஷனில் வண்டி நின்றிருந்தது. நீ என் மடியில் பிஸ்கட்டைச் சப்பிக்கொண்டிருந்தாய். கதவு மூடுவதற்கான பீப் ஒலித்தது. நீ சப்புவதை நிறுத்தினாய். கதவின் பக்கம் திரும்பினாய். கதவு அசைவதற்கு முன்னால் திரும்பினாய், தம்பி, அசைந்த பிறகு இல்லை. கண்டது நிஜமா என்று தெரிய வேண்டும். அடுத்த ஸ்டேஷன் நாம் இறங்க வேண்டிய சுங்கைப் பட்டாணி. நான் இறங்கவில்லை. பீப் வந்தது, நீ திரும்பினாய். குருனில் திரும்பினாய். அதற்கடுத்த ஸ்டேஷனுக்கும் போனோம். எதிர் சீட்டில் இருந்த மலாய்க்கார அம்மா ஏன் அழுகிறாய் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த மலாயெல்லாம் மறந்துபோய், கதவைக் காட்டினேன், உன் காதைக் காட்டினேன். அவருக்கு என்ன புரிந்ததோ, அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அலோர் ஸ்டாரில் இறங்கி, மாலதி டீச்சருக்கு போன் செய்து, வகுப்புக்கு வர முடியவில்லை, மகனுக்குக் காது கேட்கிறது என்றேன். "நல்ல காரணம். அப்படியே உக்காந்து அடுத்த வண்டியில திரும்பி வாங்க, அந்தக் கதவு உங்களுக்கு ஃப்ரீயா வகுப்பு எடுக்குது" என்றார்.

அதன் பிறகு உனக்கு வார்த்தை வந்தது. முதல் வார்த்தை கதவு இல்லை, அம்மாவும் இல்லை. "வேணாம்" என்றாய், கேரட்டைப் பார்த்து. அதிலிருந்து இன்றுவரை வாய் ஓயவில்லை. ஆனால் என் மனசில் எல்லாவற்றுக்கும் தொடக்கம் அந்தப் பீப் தான். நாளைக்கு இந்த வண்டிகளை எடுத்துவிட்டு வேறு வண்டி விடுவார்கள், அதில் வேறு சத்தம் இருக்கும். நீ வளர்ந்து உன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து, இதுதான் நான் முதலில் கேட்டது என்று பித்தானை அழுத்திக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஊரே சிரித்தாலும் அதை விடுவதில்லை என்று இருந்தேன். அடுத்த கூட்டத்துக்கு என்ன பேசுவது என்று குளிக்கும்போதும் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னை மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டது தற்செயலாகத்தான். போன வாரம் வகுப்பு முடிந்து சுங்கைப் பட்டாணி ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருந்தோம். நீ வழக்கம்போலத் தலையிலிருந்து காந்த வட்டைப் பிடுங்கித் தொங்கவிட்டாய். பிளாட்பாரத்தில் நீ அடிக்கடி செய்வதுதான் அது. நான் ஒவ்வொரு தடவையும் அதட்டி மாட்டிவிடுவேன். சரக்கு ரயிலின் இரைச்சல் தாங்காமல் கழற்றுகிறாய் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அன்றைக்கு அதட்டுவதற்கு முன்னால், நீ செருப்பையும் கழற்றிவிட்டு வெறும் காலோடு போய்க் கூரையின் இரும்புத் தூணைக் கட்டிக்கொண்டதைப் பார்த்தேன். வட்டை எடுத்து ஒட்டிவிட்டு ஏன் என்று கேட்டேன்.

"வருதும்மா" என்றாய்.

"என்ன வருது?"

"சரக்கு ரயில்."

தண்டவாளம் இரண்டு பக்கமும் காலியாகக் கிடந்தது. ஒரு சத்தமும் இல்லை. "ஒண்ணையும் காணோமே" என்றேன்.

"உனக்குக் கேக்கலையா?" என்று கேட்டாய். கேலியாகக் கேட்கவில்லை. மாலதி டீச்சர் உன்னிடம் பேசுகிற அதே பொறுமையோடு கேட்டாய். பிறகு என் கையைப் பிடித்துத் தூணில் வைத்து, "செருப்பைக் கழட்டு. பேசாத" என்றாய். பட்டப்பகலில் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெறுங்காலோடு தூணைப் பிடித்து நின்றேன். பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு உள்ளங்கையில், ஃபிரிட்ஜின் பக்கவாட்டைத் தொட்டால் இருக்குமே, அப்படி ஒரு மெல்லிய நடுக்கம். அது வளர்ந்து குதிகாலுக்கு வந்து, முழங்காலுக்கு ஏறியது. அதற்கு அப்புறம்தான் என் காதுக்கு இன்ஜின் கேட்டது. நாட்டின் வடக்கு எல்லையிலிருந்து துறைமுகத்துக்குப் போகிற டீசல் இன்ஜின், பின்னால் கண்டெய்னர் கண்டெய்னராக. அது நம்மைக் கடந்தபோது என் பல்லெல்லாம் அதிர்ந்தது. நீ கண்ணை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாய். கடைசிப் பெட்டி போன பிறகு, "இது லோடு. காலியா வந்தா வேற மாதிரி, டக டக டகன்னு வரும்" என்று எனக்கு விளக்கம் சொன்னாய்.

"மெஷினை ஏன்டா கழட்டினே?"

"அது இருந்தா சத்தம் மட்டும் கேக்கும். கால்ல வர்றது நல்லாத் தெரியாது."

மெஷின் போடுவதற்கு முன்னாலும் உனக்கு உலகம் இருந்தது, தம்பி. அதை நான் அமைதி என்று நினைத்திருந்தேன். இருட்டறையில் இருந்த பிள்ளையை வெளியே தூக்கி வந்ததாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். நீயோ அந்த அறையில் சும்மா இருக்கவில்லை. படகின் இன்ஜின், படியில் ஏறி வருகிற அப்பாவின் நடை, தூங்க வைக்கும்போது என் நெஞ்சில் ஓடிய பாட்டு, எல்லாவற்றையும் வேறு வழியில் வாங்கி வைத்திருக்கிறாய். இப்போதும் வேண்டும் என்கிறபோது அங்கே போய்விட்டு வருகிறாய். இரண்டு வீட்டுக்கும் உன்னிடம் சாவி இருக்கிறது. எனக்கு ஒரு வீடுதான்.

வண்டியில் ஏறிய பிறகு மெதுவாகக் கேட்டேன். இந்தக் கதவுச் சத்தம் உனக்கு நினைவிருக்கிறதா, நீ குழந்தையாக இருந்தபோது முதல் முதலாகக் கேட்டது இதுதான், இந்தப் பெட்டியை நாளைக்குப் பாதுகாத்து வைக்கலாமா என்று. நீ அந்தக் கதவைச் சந்தேகமாகப் பார்த்தாய். "இது சும்மா பீப் தானம்மா. மைக்ரோவேவ் மாதிரி" என்றாய். "அப்ப எதை வைக்கலாம்?" என்றேன். "சரக்கு ரயில் இன்ஜின். ஆனா ஆஃப் பண்ணி வைக்கக்கூடாது. ஆஃப் பண்ணா அது சும்மா இரும்பு" என்றாய். எனக்கு வலித்தது, அதை உன்னிடம் மறைக்கப்போவதில்லை. என் வாழ்க்கையின் பெரிய நாளை நீ மைக்ரோவேவ் என்று சொல்லிவிட்டாய். ஆனால் படகில் கடலைப் பார்த்துக்கொண்டு வரும்போது யோசித்தேன். அந்த நாள் என்னுடையது. அதை நான் என்னிடமே வைத்துக்கொள்ளலாம், அதற்கு மனையும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். பிள்ளைகளுக்கு என்று ஒன்றைக் காப்பாற்றி வைப்பதாக இருந்தால், நம்முடைய ஆனந்தக் கண்ணீரை எடுத்து அவர்கள் கையில் கொடுத்துப் பிடித்துக்கொள் என்று சொல்லக்கூடாது. நீ அப்பாவானால் இதை நினைவில் வை.

நேற்றுக் கூட்டத்தில் எழுந்து, என் பெட்டிக் கோரிக்கையை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், சரக்கு வண்டியின் டீசல் இன்ஜின் ஒன்றைக் கேட்போம் என்றேன். பீட்டர் அண்ணன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"போன மாசம் கதவு, இந்த மாசம் இன்ஜின். அடுத்த மாசம் வந்து ஸ்டேஷனையே தூக்கிட்டு வரச் சொல்வியாம்மா?"

"அடுத்த மாசமும் இதையேதான் கேப்பேன்" என்றேன். "அதுவும் ஓடுற நிலையில. மாசம் ஒரு காலையில ஸ்டார்ட் பண்ணணும். சுத்தி வேலி போடக்கூடாது. பிள்ளைங்க கையை வச்சுப் பாக்கணும்."

விரைவு ரயிலின் படம் எல்லோர் போனிலும் இருக்கிறது, வேகம் என்னவென்று எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்கலாம், முகத்தை மட்டும் வெட்டி நிறுத்தினால் வேகமா வரப்போகிறது என்று கேட்டேன். இந்தச் சரக்கு இன்ஜினை யாரும் படம் எடுப்பதில்லை. நாம் உடுத்துகிற துணி, வீட்டு ஃபேன், உன் மெஷினுக்குப் போடுகிற பேட்டரிகூட ஏதோ ஒரு பெட்டியில் அதன் பின்னால் வந்ததாக இருக்கலாம். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அந்த அறையில் பாதிப்பேர். சரக்கு எப்படி இந்தக் கரைக்கு வந்தது என்பதை அவர்கள் மறந்தால் வேறு யார் நினைவில் வைப்பது? மின்சார வண்டிகளே எல்லாவற்றையும் இழுக்கிற காலம் வரும். அப்போது தரையே அதிராத ஊரில் வளர்கிற பிள்ளைக்கு, அதிர்வு என்றால் என்ன என்று எதைக் காட்டிச் சொல்வோம்? கையை வைத்துத் தெரிந்துகொள்வதைப் படமாகவோ எழுத்தாகவோ வைக்க முடியாது, அதனால்தான் அந்த இன்ஜினையே வைக்க வேண்டும் என்றேன்.

செல்வி அக்காதான் முதலில், "இது நல்லா இருக்கு" என்றார். பீட்டர் அண்ணன் அவ்வளவு சுலபமாக விடுகிறவர் இல்லை. "எல்லாம் பேச நல்லாத்தான் இருக்கு. டீசல் இன்ஜின்னா சும்மாவா? எண்ணெய் ஒழுகும், புகை வரும், ஒரு மாசம் விட்டா மக்கர் பண்ணும். யார் பாத்துக்கிறது? இங்க இருக்கிறதுல பாதிப்பேருக்கு ஸ்கூட்டருக்கே பிளக் மாத்தத் தெரியாது. யார் ஸ்டார்ட் பண்றது, சொல்லு."

"நான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. பின்வரிசையில் உன்னை மடியில் வைத்திருந்த அப்பா தன்னை மறந்து சத்தமாகவே, "ஐயோ, இவ குக்கர் விசில் அடிச்சாலே அடுப்படிய விட்டு ஓடி வந்துடுவா" என்றார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் உட்காரவில்லை. "கத்துக்கிறேன்ணே. அந்த இன்ஜினுக்கு ஓய்வு குடுக்க இன்னும் வருஷம் இருக்கு. அதுக்குள்ள கத்துக்கிறேன். என்கூட நாலு பேர் வாங்க, அது போதும்" என்றேன். பீட்டர் அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு நிபந்தனையோடு ஓட்டெடுப்பு வைத்தார். இன்ஜினைக் கேட்டு ரயில்வேக்கு எழுதுவோம், ஆனால் அதைப் பார்த்துக்கொள்ள நான் ஆள் சேர்த்து, எல்லோரும் முறையாகப் பயிற்சி எடுத்து முடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் விரைவு ரயில்தான். கைகள் உயர்ந்தன. பீட்டர் அண்ணனின் கை கடைசியாக உயர்ந்தது, பாதி மட்டும். அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

கேட்டால் கொடுப்பார்களா என்று தெரியாது. கொடுத்தாலும் ஓடுகிற நிலையில் கொடுப்பார்களா என்பதும் தெரியாது. மறுத்தால் மறுபடி எழுதுவோம். நான் செய்ய வேண்டியது எனக்குத் தெரியும். தொழில் பயிற்சி நிலையம் ஒன்றில் டீசல் இன்ஜின் வகுப்புக்கு இன்று காலையில் பெயர் கொடுத்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண்ணாக இருப்பேன் என்று கவுண்டரில் இருந்தவர் எச்சரித்தார். பரவாயில்லை என்றேன். வகுப்பு இருப்பது அக்கரையில், முடிகிற நேரத்தில் கடைசிப் படகு போயிருக்கும். பாலத்தில் கார் ஓட்டியாக வேண்டும். நினைத்தாலே உள்ளங்கை வியர்க்கிறது. வியர்க்கட்டும், துடைத்துக்கொண்டு ஓட்டுகிறேன்.

நீ பெரியவனாகும்போது உனக்கு ரயில் என்றாலே பிடிக்காமல் போகலாம். அம்மா எனக்காக இவ்வளவு செய்தாளே என்று நீ அந்த மனைக்கு வந்து நிற்க வேண்டியதில்லை. உனக்காகத்தான் தொடங்கினேன், ஆனால் இது உன் தலையில் கடனாக ஏறக்கூடாது. நீ வராவிட்டாலும் ஏதோ ஒரு பிள்ளை வரும். காதில் மெஷினோடோ மெஷின் இல்லாமலோ வரும். செருப்பைக் கழற்றிவிட்டு இரும்பில் கையை வைத்துக்கொண்டு, இன்னும் ஒன்றும் வரவில்லையே என்று மேலே பார்க்கும். மேலே ஓட்டுநர் அறையில் நான் இருப்பேன். அந்தப் பிள்ளையிடம், "இரு, பேசாத, இப்ப வரும்" என்று சொல்லிவிட்டு இன்ஜினைக் கிளப்புவேன்.

பயம் இன்னும் போகாத, ஆனால் பெயர் கொடுத்துவிட்டு வந்த,
உன் அம்மா